நாற்பத்திரண்டாம் நாளுக்குப் பிறகு

கேள்வி: டொக்டர் அம்மா, எனக்கு வயது 28. ஊர் மண்டூர். இரண்டாவதாக மகன் பிறந்து ஆறு மாதம் முடியப்போகிறது. சுகப்பிரசவம். முதல் இரண்டு மாதமும் ஒரு குறையும் இல்லை. மருத்துவமாது மிஸ் வீட்டுக்கு வந்து பார்த்து, எல்லாம் நல்லம் என்று எழுதிவிட்டுப் போனா. மூன்றாம் மாதமளவில் நெஞ்சு படபடக்கத் தொடங்கியது. சும்மா இருந்தாலும் வியர்க்கும். கை நடுங்கும், பிள்ளைக்கு மருந்து வார்த்தால் கரண்டியிலிருந்து சிந்தும். நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்து போனேன். மூத்தவளோடு எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தேன். கோயில் தீர்த்தத்தன்று சனத்துக்குள் நிற்க முடியாமல் பாதியில் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பிறகு அதெல்லாம் தானாகக் குறைந்தது. இப்போது நேர்மாறு. விடிய எழும்ப ஏலாது. மற்றவர்கள் புழுக்கம் என்று விசிறும்போது எனக்குக் குளிர்கிறது. மலம் இறுகிப் போகிறது. தலைமயிர் கொத்துக் கொத்தாகக் கையோடு வருகிறது. உடம்பு ஊதுகிறது, பாலும் குறைந்த மாதிரி. காரணமில்லாமல் அழுகை வருகிறது. அம்மா சொல்றா, "புள்ள பெத்த உடம்பு அப்படித்தான் மகள், சரக்குக்கறியும் காயமும் ஒழுங்காத் திண்டிருந்தா இது வந்திராது." பக்கத்து வீட்டு அக்கா, "பெத்ததோட எதிர்ப்புச் சக்தி எல்லாம் போயிரும், சத்துமா வாங்கிக் குடி" என்கிறா. என் அம்மாவுக்கு இளம் வயதில் தொண்டையில் கழலை ஒபரேசன் செய்தது. மச்சாள் ஒருவருக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் கைமூட்டு வாதம் வந்தது. கணவர் கட்டாரில். இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, வாவியைக் கடக்கும் பாதையேறிக் களுவாஞ்சிகுடிக்குப் போய்க் காட்டுமளவுக்கு இது ஒரு வருத்தமா? பால் கொடுப்பதில் பிழை உண்டா?

பதில்: போய்க் காட்டுங்கள் மகள், இந்த வாரமே. பாலை நிறுத்தவே வேண்டாம்.

கடிதத்தை வைத்து வருத்தத்தை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கிற ஒழுங்கு, அதாவது மூன்றாம் மாதம் படபடப்பும் மெலிவும், ஆறாம் மாதம் குளிரும் களைப்பும் வீக்கமும், மருத்துவப் புத்தகத்தில் பிரசவத்துக்குப் பிந்திய தைரொயிட் அழற்சி என்ற பகுதியை அப்படியே எடுத்து எழுதியதுபோல் இருக்கிறது. தாய்க்குத் தைரொயிட் வருத்தம் இருந்திருக்கலாம் என்பது அந்தச் சந்தேகத்தை இன்னும் கூட்டுகிறது. ரி.எஸ்.எச்., எஃப்.ரி.ஃபோர் என்ற இரண்டு இரத்தப் பரிசோதனைகள் போதும், பெரும்பாலும் விடை தெரிந்துவிடும். கூடவே இரத்தச்சோகைக்கும் ஒரு பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். களைப்புக்கு அதுவும் ஒரு பொதுவான காரணம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். நம் ஊரில் பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். பிள்ளை பெற்றதும் எதிர்ப்புச் சக்தி போய்விடுவதில்லை. உங்களுக்கு நடந்திருப்பது பெரும்பாலும் அதற்கு எதிரானது: அடங்கியிருந்த சக்தி ஒரேயடியாகத் திரும்பி வந்திருக்கிறது.

வயிற்றில் வளர்கிற பிள்ளையில் பாதி தகப்பனுடையது. வேறொருவரின் சிறுநீரகத்தை உடம்பில் வைத்தால் அதை எதிர்த்துத் தாக்குகிற அதே உடம்பு, ஒன்பது மாதம் பிள்ளையைச் சுமந்து வளர்க்கிறது. இது எப்படி என்று 1953 இல் பிரித்தானிய விஞ்ஞானி பீற்றர் மெடவார் கேள்வி எழுப்பினார். அதற்கான விடை இன்றுவரை துண்டு துண்டாகத்தான் வந்துகொண்டிருக்கிறது. நமது வெண்குருதிக் கலங்களில் ஒழுங்குபடுத்தும் ரி-கலங்கள் என்று ஒரு வகை உண்டு. சொந்த உடம்பையே தாக்க எழும்புகிற கலங்களை அடக்கி வைப்பதுதான் அவற்றின் வேலை. அவற்றைக் கண்டறிந்து விளக்கியதற்காகத்தான் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சிக்கும் அமெரிக்காவின் மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கும் 2025 ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. கர்ப்ப காலத்தில் இந்தக் கலங்கள் பெருகுகின்றன. நஞ்சுக்கொடியிலிருந்து வரும் ஓமோன்களும் எதிர்ப்புச் சக்தியின் ஒரு பக்கத்தைத் தணித்து, இன்னொரு பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கின்றன. முழு எதிர்ப்பும் குறைந்துவிடுவதில்லை, அதன் போக்குத்தான் மாறுகிறது.

பிள்ளை பிறந்து நஞ்சுக்கொடியும் விழுந்ததும் அந்த ஓமோன்கள் சில நாட்களுக்குள் சரிந்துவிடுகின்றன. மாரியில் முகத்துவாரத்தை வெட்டிவிட்டால் வாவி நீர் எந்த வேகத்தில் கடலுக்குப் பாய்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அடக்கி வைத்திருந்த எதிர்ப்புச் சக்தியும் அடுத்த சில வாரங்களிலும் மாதங்களிலும் அப்படித்தான் திரும்புகிறது. பெரும்பாலான தாய்மாருக்கு இது ஒரு பிரச்சினையும் தராமல் அடங்கிவிடும். தன் சொந்த உறுப்பையே தாக்கும் போக்கு பிறவியிலேயே உள்ளவர்களுக்கு, ஒன்பது மாதம் உறங்கிக் கிடந்த அந்தப் போக்கு இந்த நேரத்தில் விழித்துக்கொள்ளலாம்.

முதலில் அடிபடுவது பெரும்பாலும் கழுத்தில் இருக்கிற தைரொயிட் சுரப்பிதான். அந்தச் சுரப்பி தான் செய்த ஓமோனை உடனே வெளியே விடாமல், இரண்டு மூன்று மாதத்துக்குப் போதுமான அளவைத் தனக்குள் சேமித்து வைத்திருக்கும். எதிர்ப்புக் கலங்கள் தாக்கிச் சுரப்பியின் திசு சிதையும்போது, அந்தச் சேமிப்பு முழுவதும் கட்டுப்பாடில்லாமல் இரத்தத்தில் கொட்டுகிறது. படபடப்பு, வியர்வை, கைநடுக்கம், மெலிவு, எரிச்சல் எல்லாம் அதனால்தான் வந்தன. மருந்து சிந்தியதற்கும் தீர்த்தத்தன்று நிற்க முடியாமல் போனதற்கும் இதுவே காரணமாக இருக்கக் கூடும். கொட்டி முடிந்ததும் சேமிப்பும் இல்லை, புதிதாகச் செய்யத் திசுவும் இன்னும் தேறவில்லை. அப்போது உடம்பு ஓமோன் இல்லாமல் வாடுகிறது. குளிர், களைப்பு, மலச்சிக்கல், வீக்கம், பால் குறைவு எல்லாம் அப்போது வருபவை. முதல் கட்டம் வழக்கமாக இரண்டாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையில் வரும், இரண்டாம் கட்டம் மூன்றாம் மாதத்துக்கும் பன்னிரண்டாம் மாதத்துக்கும் இடையில். சிலருக்கு ஒரு கட்டம் மட்டும் வரும்.

1948 இல் நியூசிலாந்தின் ரொபர்ட்டன் என்ற வைத்தியர், பிள்ளை பெற்ற பிறகு களைத்துக் குளிர்ந்து மயிர் கொட்டி வந்த தாய்மாருக்குத் தைரொயிட் சாற்றைக் கொடுத்துத் தேற்றியதைப் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதினார். அவரை அன்று பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. 1982 இல் ஜப்பானில் அமினோ என்ற வைத்தியரும் அவருடைய குழுவினரும் 507 தாய்மாரைப் பின்தொடர்ந்து பார்த்து, அவர்களில் 5.5 வீதமானோருக்குப் பிரசவத்துக்குப் பிறகு தைரொயிட் குழப்பம் வந்ததைக் காட்டினார்கள். அதாவது ஏறத்தாழ இருபது தாய்மாருக்கு ஒருவர். தைரொயிட்டைத் தாக்கும் பிறபொருளெதிரி இரத்தத்தில் உள்ள தாய்மாரில் மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரையானோருக்கு இந்த வருத்தம் வருகிறது. சிறு வயதிலிருந்தே இன்சுலின் போடுகிற முதலாம் வகைச் சீனி வருத்தக்காரருக்கு வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு.

இருபது பேருக்கு ஒருவர் என்றால், கிளினிக்கில் பிள்ளையை நிறுக்க வரிசையில் இருக்கிற தாய்மாரில் ஒருவராவது இருப்பார். அப்படியிருந்தும் எங்கள் பக்கத்தில் இதைக் கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் ஏன் குறைவு? எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். நம் நாட்டில் தாயைப் பார்க்கும் ஒழுங்கு நல்ல ஒழுங்கு. பிள்ளை பிறந்து முதல் பத்து நாளுக்குள் மருத்துவமாது இரண்டு தரம் வீட்டுக்கு வர வேண்டும், 14க்கும் 21க்கும் இடையில் ஒரு தரம், 42 ஆம் நாளளவில் ஒரு தரம். வெள்ளத்திலும் வெயிலிலும் படுவான்கரை ஒழுங்கைகளில் மிதிவண்டியிலும் ஸ்கூட்டியிலும் அலைந்து இந்தப் பெண்கள் செய்கிற வேலைக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் 42 ஆம் நாளோடு தாயின் கணக்கு முடிந்துவிடுகிறது. இந்த வருத்தம் தொடங்குவதே அதற்குப் பிறகுதான். உங்களுக்கும் மிஸ் வந்தபோது எல்லாம் நல்லமாகத்தான் இருந்தது, அவர் எழுதியதில் பிழை இல்லை.

அதற்குப் பிறகு நீங்கள் கிளினிக்குக்குப் போவது பிள்ளைக்காக. இரண்டு, நான்கு, ஆறு மாதத்தில் ஐந்து நோய் ஊசியும் போலியோச் சொட்டும், ஒன்பதாம் மாதம் தட்டம்மை ஊசி. பிள்ளையை நிறுப்பார்கள், கொப்பியில் புள்ளி வைப்பார்கள். தாயை யாரும் நிறுப்பதில்லை, தாயும் வாய் திறப்பதில்லை. அந்த நாட்களில் உங்களைப் பற்றியும் ஒரு வசனம் சொல்லுங்கள்: "மிஸ், எனக்கு முந்தி நெஞ்சு படபடத்தது, இப்ப குளிருது, ரி.எஸ்.எச். பார்க்க எழுதித் தாங்க." ஆறாம் மாத ஊசிக்கு நீங்கள் எப்படியும் போகத்தானே வேண்டும், அந்தப் பயணத்தை இந்த வேலைக்கும் பயன்படுத்துங்கள். இரத்தம் எடுக்கக் களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்கோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ கடிதம் வாங்கலாம். குருமண்வெளிப் பக்கம் பாதையேறிப் போவது மழை நாளில் சிரமம் என்பது தெரியும். மூத்தவளை அம்மாவிடம் விட்டுவிட்டுச் சின்னவனை மட்டும் தூக்கிக்கொண்டு போங்கள், பால் குடிக்கிற பிள்ளை உங்களோடு இருப்பதுதான் வசதி.

பரிசோதனையில் நான் நினைப்பது சரியென்று வந்தால் சிகிச்சை கடினமில்லை. படபடப்புக் கட்டத்துக்குப் பொதுவாகத் தைரொயிட்டை அடக்கும் குளிசை கொடுப்பதில்லை, ஏனென்றால் சுரப்பி அதிகமாகச் செய்யவில்லை, இருந்ததைக் கொட்டியது. நெஞ்சடிப்பு தாங்க முடியாவிட்டால் புரொப்ரனலோல் கொஞ்ச நாளைக்கு. இப்போது நீங்கள் இருக்கிற கட்டத்துக்குத் தைரொக்சின் குளிசை. உங்கள் உடம்பு தானே செய்ய வேண்டிய ஓமோனை அது கொடுக்கிறது, பால் கொடுக்கிற தாய்க்குத் தாராளமாகத் தரலாம். அளவு திருந்த, குறைந்த பாலும் கூடக் கூடும். ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும்: கிளினிக்கில் பால் கொடுக்கும் தாய்மாருக்கு இரும்புக் குளிசையும் கல்சியமும் தருகிறார்கள். இரண்டும் தைரொக்சினை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். தைரொக்சினை விடிய வெறும் வயிற்றில் எடுங்கள், மற்றக் குளிசைகளுக்குக் குறைந்தது நான்கு மணித்தியால இடைவெளி விடுங்கள். கழுத்தைக் கதிரியக்க அயடீன் கொண்டு ஸ்கேன் செய்ய வேண்டும் என்று யாராவது சொன்னால், பால் கொடுக்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்தப் பரிசோதனை பால் கொடுக்கும் தாய்க்குக் கூடாது.

பெரும்பாலான தாய்மாருக்கு ஒரு வருடத்துக்குள் சுரப்பி தேறிவிடும். சிலருக்குத் தேறாமல் தைரொக்சின் நெடுகத் தேவைப்படும். அதனால் வைத்தியர் குளிசையை நிறுத்திப் பார்க்கச் சொல்லும் வரை நீங்களாக நிறுத்தக் கூடாது, தேறிய பிறகும் வருடத்துக்கு ஒரு தரம் ரி.எஸ்.எச். பார்ப்பது அவசியம். இன்னொன்றையும் வைத்தியரிடம் மறக்காமல் கேளுங்கள்: கண் பிதுங்கியிருக்கிறதா, கழுத்து வீங்கியிருக்கிறதா என்று. கிரேவ்ஸ் என்கிற வேறொரு தைரொயிட் வருத்தமும் பிரசவத்துக்குப் பிறகு தலைதூக்கும். அதற்கு மருந்து வேறு. உங்களுக்குப் படபடப்பு தானாக அடங்கியிருப்பதால் அது இல்லையென்றே நினைக்கிறேன்.

மச்சாளின் கைமூட்டு வாதமும் இதே கதையின் இன்னொரு கிளையாக இருக்கலாம். மூட்டுவாதம் உள்ள பெண்களுக்குக் கர்ப்பமானால் வலி குறைவதையும் பிள்ளை பிறந்ததும் அது திரும்புவதையும் அமெரிக்க வைத்தியர் பிலிப் ஹென்ச் கவனித்து 1938 இல் எழுதினார். கர்ப்பத்தின்போது உடம்பில் எது சுரந்து வலியை அடக்குகிறது என்று தேடிப் போனதும் அவரைக் கோட்டிசோன் மருந்துக்கு இட்டுச் சென்ற வழிகளில் ஒன்று. 1948 இல் முதல் நோயாளிக்கு அதைக் கொடுத்தார், 1950 இல் நோபல் பரிசு பெற்றார். இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிற ஒரு மருந்தின் தொடக்கத்தில், கர்ப்பிணிப் பெண்களின் மூட்டு வலியை ஒரு வைத்தியர் காது கொடுத்துக் கேட்டதற்கும் பங்கு இருக்கிறது. மூட்டுவாதம் புதிதாகத் தொடங்குவதும் பிரசவத்துக்குப் பிந்திய வருடத்தில் கூடுதல். விடிய எழும்பும்போது இரண்டு கை விரல் மூட்டுகளும் வீங்கி, அரை மணித்தியாலத்துக்கு மேல் விறைத்திருந்தால் காட்ட வேண்டும். பெருவிரல் பக்கம் மணிக்கட்டு மட்டும், பிள்ளையைத் தூக்கும்போது சுரீரென்று வலித்தால் அது வேறு. அது தசைநாண் வீக்கம், தூக்கித் தூக்கி வருவது, பயமில்லை.

எதிர்ப்புச் சக்தி திரும்பும்போது வெளிப்படும் வேறு வருத்தங்களும் உண்டு, அவற்றில் இரண்டை நம் மாவட்டத்தில் கவனிக்க வேண்டும். ஒன்று காசநோய். கர்ப்பத்தில் அடங்கிக் கிடந்து, பிள்ளை பிறந்த ஆறு மாதத்துக்குள் இருமலும் காய்ச்சலுமாக வெளியே வரும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைச் சோதிக்க வேண்டும், சிகிச்சை இலவசம். மற்றது தொழுநோய். வாவிக்குள் மாந்தீவில் தொழுநோய் வைத்தியசாலை இருந்ததை உங்கள் பாட்டியார் அறிந்திருப்பார். நோய் இன்னும் முடியவில்லை, புதிய நோயாளிகள் கூடுதலாக அறியப்படும் மாவட்டங்களில் மட்டக்களப்பும் ஒன்று. உணர்ச்சி குறைந்த வெளிறிய தழும்பு ஒன்று பிரசவத்துக்குப் பிறகு திடீரென்று சிவந்து வீங்கும், அல்லது முழங்கை நரம்பு வலித்துச் சின்ன விரல் மரக்கும். எதிர்ப்புக் கலங்கள் கிருமியைத் தேடிப் போய் நரம்பையும் சேர்த்துத் தாக்குவதால் இது வருகிறது. சில நாட்களுக்குள் மருந்து தொடங்கினால் கை காப்பாற்றப்படும். பிந்தினால் விரல் மடங்கிப் போகும். தழும்பை மறைப்பது வீண் வெட்கம், இன்றைக்கு இது முழுதாகக் குணமாகிற நோய், மருந்தும் இலவசம்.

ஒரு விஷயத்தை மட்டும் தைரொயிட்டோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. படுத்தால் மூச்சு முட்டி எழும்பி உட்கார வேண்டியிருந்தால், கால் வீங்கி நாலடி நடக்கவும் இளைத்தால், அது இதயத் தசையின் வருத்தமாக இருக்கலாம். பிரசவத்துக்குப் பிறகு ஐந்து மாதம் வரை அது வருவதுண்டு. ஒரு பக்கக் கால் மட்டும் வீங்கி வலித்தாலும், கண் மங்கித் தலை கடுமையாக வலித்தாலும் அவசரம்தான், இவை எதிலும் பொறுத்துப் பார்க்க நேரமில்லை. 1990க்கு அழைத்தால் சுவ செரிய அம்புலன்ஸ் வரும், காசு கேட்க மாட்டார்கள். இன்னும் ஆறு வாரம் முடியாத தாய்மார் யாராவது இதை வாசித்தால் அவர்களுக்கும் ஒரு சொல்: 38 பாகை செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், கெட்ட நாற்றமுள்ள தீட்டு, அடிவயிற்று வலி இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. நஞ்சுக்கொடி விட்டுப்போன இடம் கருப்பைக்குள் திறந்த புண், கிருமி அதன் வழியாக இரத்தத்துக்குப் போக அதிக நேரம் எடுக்காது.

அம்மாவின் சரக்குக்கறியை நான் குறை சொல்லப் போவதில்லை. மிளகும் மஞ்சளும் உள்ளியும் போட்டு வாவி மீனில் ஆக்கிய கறி, பால்சுறாப் புட்டு, முருங்கையிலை எல்லாம் நல்ல சாப்பாடு. அதைவிடப் பெரியது, தாய்வீட்டில் வைத்துப் பார்ப்பதும் தூங்க விடுவதும். நம் ஊரில் கல்யாணம் முடிந்தாலும் மகள் தாயோடுதான் இருக்கிறாள் என்பது பிரசவக் காலத்தில் எவ்வளவு பெரிய பலம் என்று, கொழும்பில் தனி அறையில் பிள்ளை வளர்க்கிறவர்களைக் கேட்டால் தெரியும். ஆனால் எந்தக் கறியும் இந்தத் தாக்குதலைத் தடுத்திருக்காது, ஒழுங்காகத் தின்னாததால் வந்த குற்றமும் இல்லை. அதை அம்மாவுக்கு மெதுவாகச் சொல்லுங்கள், அவருடைய கழலை எந்த வகை என்றும் கேட்டு வைத்துக்கொண்டு போங்கள், வைத்தியருக்கு உதவும். சத்துமாவோ திரிபோஷாவோ சாப்பாடாகச் சாப்பிடலாம். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று போத்தலில் விற்கிறவை வேண்டாம், இப்போது கூட்டுவதற்கு எதுவும் இல்லை. தைரொயிட் என்றதும் அயடீனை அள்ளிப் போடவும் தேவையில்லை, நாம் வாங்கும் கறியுப்பிலேயே அது சேர்ந்திருக்கிறது. கூடினால் கெடுதி.

மயிர் கொட்டுவதைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். கர்ப்பத்தில் உதிராமல் நின்ற மயிர் மூன்று நான்கு மாதத்தில் சேர்ந்து உதிர்வது பல தாய்மாருக்கு நடப்பது. தைரொயிட் குறைவு அதை மோசமாக்கியிருக்கலாம். வளரும்.

அழுகையை நீங்கள் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள், நான் அதைத்தான் இரண்டு தரம் வாசித்தேன். தைரொயிட் குறைவு மனதையும் அமுக்கும், பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வு தனியாகவும் வரும், இரண்டும் சேர்ந்தும் வரும். கிளினிக்கில் எடின்பரோ அட்டவணை என்று பத்துக் கேள்வி வைத்திருக்கிறார்கள், மிஸ்ஸிடம் அதை நிரப்பக் கேளுங்கள், உண்மையைச் சொல்லுங்கள். பிள்ளையையோ உங்களையோ ஏதாவது செய்துவிடுவேனோ என்ற நினைப்பு ஒரு தரம் வந்தாலும் அன்றிரவே யாரிடமாவது சொல்ல வேண்டும். தேசிய மனநல உதவிக்கு 1926 என்ற இலக்கம் இருக்கிறது. கணவருக்கும் சொல்லுங்கள். தொலைபேசியில் "எப்படி இருக்கிறாய்" என்று கேட்கிறபோது "நல்லா இருக்கிறன்" என்று சொல்லிச் சொல்லியே பல பெண்கள் ஆறு மாதத்தைக் கடத்திவிடுகிறார்கள்.

அடுத்த பிள்ளைக்கு எண்ணமிருந்தால், குளிசை எடுக்கிற காலத்தில் கர்ப்பமாவதற்கு முன்பே வைத்தியரிடம் பேசுங்கள், கர்ப்பம் தெரிந்த வாரத்திலேயே ரி.எஸ்.எச். பார்த்து அளவைக் கூட்ட வேண்டி வரும். பிறபொருளெதிரி உள்ள ஒருவருக்கு முதல் தரம் இது வந்து தேறினாலும், அடுத்த பிரசவத்துக்குப் பிறகு பத்தில் ஏழு பேருக்கு மறுபடி வருகிறது. அதனால் முடிவுகள் கைக்கு வந்ததும், இந்த முறை எத்தனையாம் மாதம் என்ன வந்தது, எந்தக் குளிசை, எவ்வளவு அளவு என்று பிள்ளையின் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த முறை கிளினிக்கில் உங்களைப் பதியும்போது மிஸ்ஸிடம் முதலில் காட்ட வேண்டியது அந்தப் பக்கம்.